பிள்ளையின் பிரேக்கைப் பிடுங்காதீர்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கிரேடு 2 படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் பள்ளிக்கூடத்துக் கடிதம். 'ஓர் இடத்தில் உட்காருவதில்லை, நாற்காலியை ஆட்டுகிறான், கவனம் இல்லை' என்று எழுதியிருந்தது. கடைசி வரி: 'வேலையை முடிக்காததால் இந்த வாரம் முழுவதும் பிரேக் (இடைவேளை) கிடையாது.'

"மேடம், ரிட்டலின் ஆரம்பிச்சிடலாமா?" என்பதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்வி. ரிட்டலின் என்பது கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் மருந்து.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளராக) வேலை செய்கிறேன். இதே போன்ற கடிதம் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்தும் வருகிறது, டொங்காட்டிலிருந்தும் வருகிறது. மற்ற வரிகளைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசி வரியைப் பார்த்தால்தான் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. அசையாமல் இருக்க முடியவில்லை என்று புகார் சொல்லிவிட்டு, அவன் அசைய இருந்த ஒரே நேரத்தையும் எடுத்துவிடுகிறார்கள். தாகம் என்று அழும் பிள்ளையிடமிருந்து சொம்பைப் பிடுங்குகிற மாதிரி. தண்டனைக்காகவோ, பாடத்தை முடிப்பதற்காகவோ இடைவேளையை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2013-லேயே தெளிவாக அறிக்கை வெளியிட்டுவிட்டது. இங்கே இன்னும் அதுதான் கைக்கு எளிதான தண்டனை.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு நம்பிக்கை: ஆடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கவனிக்கிறது, ஆடுகிற பிள்ளை கவனிக்கவில்லை. பெற்றோரும் நம்புகிறார்கள், ஆசிரியர்களும் நம்புகிறார்கள், தாத்தா பாட்டியும் நம்புகிறார்கள். தயவுசெய்து ஒருநாள் வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை, பெரிய நாற்காலி, கால் தரையில் படுவதில்லை. முதுகையும் வயிற்றையும் நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் இன்னும் வலுவாகவில்லை. இருபது நிமிடம் போனதும் என்ன செய்யும்? கன்னத்தைக் கையில் தாங்கும். மேசைமேல் சாயும். நாற்காலிக் காலில் தன் காலைச் சுற்றிக்கொள்ளும். பின்னால் சாய்த்து ஆட்டும். இவை அத்தனையும் விழுந்துவிடாமல், தூங்கிவிடாமல் இருக்க அந்த உடம்பு செய்யும் முயற்சி. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சோம்பல், சேட்டை, அடங்காமை.

அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை சிலை மாதிரி இருக்கும். கண் பலகையில், மனம் எங்கோ. எட்டு வரி எழுதச் சொன்னால் ஒரு வரி எழுதியிருக்கும். தொந்தரவு செய்யாததால் அந்தப் பிள்ளையை என்னிடம் யாரும் அனுப்புவதில்லை. பல வருடம் கழித்து, மதிப்பெண் சரிந்த பிறகுதான் வருகிறார்கள்.

ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகை அசைவும் சேர்ந்த குறைபாடு) உள்ள சிறுவர்களை வைத்து 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நினைவில் வைத்துச் செய்யும் வேலைகளை அவர்கள் அதிகமாக அசைந்தபோதுதான் நன்றாகச் செய்தார்கள். அந்தக் குறைபாடு இல்லாத பிள்ளைகளுக்கு இது பொருந்தவில்லை. ஆகவே எல்லோரையும் எந்நேரமும் ஆடவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 'ஆடாதே' என்பதையே பாடமாக்காதீர்கள் என்கிறேன்.

ஆசிரியர்களின் பதில் எனக்குத் தெரியும்: நேரம் எங்கே? வகுப்பில் நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம் மலை மாதிரி. அவர்கள் கஷ்டம் உண்மையானது. ஆனால் நம் நாட்டுப் பாடத்திட்டமே கிரேடு 3 வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உடற்கல்விக்கு ஒதுக்கியிருக்கிறது. கிரேடு 4 முதல் 6 வரை அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. அந்த ஒரு மணி நேரத்தையும் பரீட்சை நெருங்கினால் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை நாள் ஒன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்றாக அசைக்கச் சொல்கிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அசைவதால் படிப்பு கெடும் என்ற பயமும் வேண்டாம். நெதர்லாந்தில் பிள்ளைகள் எழுந்து அசைந்தபடியே கணக்கும் மொழியும் படித்தார்கள். இரண்டு வருட முடிவில் மற்றவர்களைவிடக் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் ஏறக்குறைய நான்கு மாதப் பாடம் முன்னே இருந்தார்கள். இது 2016-இல் வெளியானது. வாசிப்பில் வித்தியாசம் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. மதிப்பெண்ணில் மாற்றமே காணாத ஆய்வுகளும் உண்டு. ஐந்து நிமிடம் எழுந்து நின்றதால் படிப்பு கெட்டது என்று காட்டியவை மிக அரிது. பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்குப் பிறகு 15 நிமிட இடைவேளை வெகுகாலமாக வழக்கத்தில் இருக்கிறது.

வகுப்பிலேயே பிள்ளைகளை அசையவைக்க மைதானம் வேண்டாம், பந்து வேண்டாம், யூடியூப் வீடியோவும் வேண்டாம். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை, மேசைக்குப் பக்கத்திலேயே, மூன்று முதல் ஐந்து நிமிடம். நின்ற இடத்தில் நடந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லலாம். நாற்காலி விளிம்பில் கை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கலாம். குதிகாலை உயர்த்தி இறக்கலாம். எங்கள் கோயில் மண்டபத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் குறில் சொன்னால் குந்துவார்கள், நெடில் சொன்னால் கையை உயர்த்தி எழுவார்கள். 'அ' என்றதும் உட்கார்ந்து 'ஆ' என்றதும் எழும் பிள்ளைக்கு அந்த மாத்திரைக் கணக்கைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் தெரிந்த, வெளியே யாரும் சொல்லாத ஒரு விஷயம்: குதிக்கவைத்துவிட்டு அப்படியே "உட்கார், எழுது" என்றால் வகுப்பு சந்தைக்கடை ஆகும். பிறகு "செய்து பார்த்தோம், சரிப்படவில்லை" என்பார்கள். கடைசி ஒரு நிமிடம் மெதுவான, பாரமான வேலை கொடுங்கள். சுவரை இரண்டு கையாலும் தள்ளட்டும், உள்ளங்கைகளைச் சேர்த்து அழுத்தட்டும், நீளமாக மூச்சு விடட்டும். அப்புறம் உட்காரச் சொல்லுங்கள், அடங்கிவிடுவார்கள்.

தோப்புக்கரணம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். காதைப் பிடித்தால் மூளை விழிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்கார வேண்டாம். உட்கார்ந்து எழுவதே கால்களுக்கும் முதுகுக்கும் நல்ல வேலை, அந்தக் காரணம் போதும். ஆனால் அதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தண்டனையாகச் செய்த அசைவைப் பிள்ளை ஆயுள் முழுக்க வெறுக்கும்.

போட்டி வைக்காதீர்கள், 'அவுட்' சொல்லி யாரையும் ஒதுக்காதீர்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குக் கை அசைவு கொடுங்கள், வேடிக்கை பார்க்க விடாதீர்கள். டர்பனின் மெர்பேங்க் பக்கம் ஆஸ்துமா பிள்ளைகள் நிறைய. இன்ஹேலர் பம்ப், பையின் அடியில் கிடக்கக் கூடாது, எங்கே இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரிக் கோடை வெயிலில் வெளியே ஓடவிடாதீர்கள், நிழலில் செய்யுங்கள், தண்ணீர் குடிக்க விடுங்கள்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. ரிட்டலின் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தேவை. அதை முடிவு செய்வது மருத்துவர், நான் அல்ல, பள்ளிக்கூடமும் அல்ல. ஏற்கெனவே கொடுக்கிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதேபோல, அடிக்கடி விழும் பிள்ளை, மற்றவர்களுக்கு முன்பே களைத்துப்போகும் பிள்ளை, இரவில் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி விழும் பிள்ளை, சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை, இவர்களுக்கு ஐந்து நிமிட அசைவு பரிகாரம் ஆகாது. கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டிலும் இதே கதைதான் நடக்கிறது. பள்ளி, ஆஃப்டர்கேர் (பள்ளிக்குப் பிந்தைய காப்பகம்), வீட்டுக்கு ஏற்றிவரும் லிஃப்ட் வேன் என்று நாள் முழுக்க உட்கார்ந்து வந்த பிள்ளையை நேராக ஹோம்வொர்க்கில் உட்கார வைக்காதீர்கள், அம்மாமார்களே. அரைமணி நேரம் முற்றத்தில் விடுங்கள். முற்றம் இல்லாவிட்டால் மளிகைப் பையைத் தூக்கச் சொல்லுங்கள், துணி காயப்போடச் சொல்லுங்கள்.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு சின்னக் கடிதம் எழுதிக் கொடுங்கள்: "என் பிள்ளை முடிக்காத வேலையை வீட்டுக்கு அனுப்புங்கள், நான் முடிக்கவைத்து அனுப்புகிறேன். பிரேக்கை மட்டும் நிறுத்தாதீர்கள். நடுவில் அவனுக்கு எழுந்து நடக்க ஒரு வேலை கொடுங்கள், புத்தகம் விநியோகிப்பதோ பலகை துடைப்பதோ." நானும் என் ரிப்போர்ட்டில் இதையே எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.