கோளாறு முகப்பில் இல்லை, பதிவேற்றும் மேசையில்

அரசு இணையதளத்தில் தேடியது கிடைக்கவில்லை என்று புகார் வந்தால், முகப்பை மாற்றச் சொல்லி டெண்டர் விடுவதுதான் வழக்கம். நிறம் மாறும், பேனர் ஓடும், புகார் மட்டும் அப்படியே நிற்கும். கோளாறு பெரும்பாலும் கோப்பைப் பதிவேற்றும் மேசையில் இருக்கிறது.

ஒரு சுற்றறிக்கையை வேர்டில் தட்டி, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றுகிறார்கள். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஓர் ஏ4 பக்கம் என்பது 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள் கொண்ட படம். அதில் எழுத்தே இல்லை. தளத்தின் தேடல் பெட்டிக்கு அது சிக்காது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றவருக்கு வெற்றுத்தாள். தட்டிய மூலக்கோப்பு எப்படியும் அலுவலகக் கணினியில் கிடக்கிறது. அந்த வாசகத்தை வலைப்பக்கமாகப் போட்டு, கையெழுத்துப் பிரதியை அடியில் இணைத்தால் போதும்.

மூலக்கோப்பிலும் ஒரு பொறி உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுமுறையான யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் எந்தத் தேடலிலும் வராது. எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டதோடு விட்டுவிடவும் கூடாது. இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் எழுத்துகளாகக் குழப்பி வைக்கும். அட்டவணைகளை ஒருவர் வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும்.

கோப்பின் பெயர் அடுத்த தலைவலி. ‘ஸ்கேன்0012’ என்று வைத்தால் தரவிறக்கியவருக்கே பிறகு அடையாளம் தெரியாது. சரி, தமிழிலேயே வைப்போம் என்றால், யூஆர்எல்லில், அதாவது இணைய முகவரியில், ‘மு’ என்ற ஓரெழுத்து 18 குறிகளாக விரியும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது இணைப்பு பாதியில் அறுந்துபோகலாம். பொருளும் ஆண்டும் தெரியும்படி சிறிய ஆங்கில எழுத்துகளில், சிறுகோடு இட்டு வைப்பதே பாதுகாப்பு. திருத்திய உத்தரவுக்குப் புதுப்பக்கம் திறக்காதீர்கள். பழைய முகவரியிலேயே புதியதை வைத்து, திருத்திய தேதியை மேலே எழுதுங்கள். முகவரி மாறியே தீர வேண்டும் என்றால் பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 திசைமாற்றம் கட்டாயம்.

வழிசெலுத்தலுக்கு வருவோம். மெனுவில் பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். வருகிறவருக்கோ பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரைச் சேர்க்க வேண்டும். அது எந்தப் பிரிவின் வேலை என்று அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? மெனுவின் சொற்களை மட்டும் தாளில் எழுதி, அலுவலகத்துக்குத் தொடர்பில்லாத ஐந்து பேரிடம் காட்டி, ‘இந்த வேலைக்கு எதைத் தொடுவீர்கள்?’ என்று கேளுங்கள். மூன்று பேர் தவறினால் சொல்தான் தவறு.

‘இங்கே சொடுக்கவும்’ என்ற இணைப்புகளையும் ஒழிக்க வேண்டும். திரைவாசிப்பான் இணைப்புகளை மட்டும் பட்டியலிடும்போது ‘இங்கே, இங்கே’ என்றே ஒலிக்கும். ‘தமிழ்’ பொத்தானைத் தொட்டால் அதே பக்கத்தின் தமிழ் வடிவம் வரவேண்டும். பல தளங்கள் முகப்புக்குத் துரத்திவிடுகின்றன, வந்தவர் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

வாரம் ஒருமுறை, தேடல் பெட்டியில் தட்டப்பட்டு விடையே வராத சொற்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் ‘பிறப்புச் சான்றிதழ்’ என்று இருக்கும், மக்கள் ‘பர்த் சர்டிபிகேட்’ என்று தட்டியிருப்பார்கள். அந்தச் சொல்லையும் பக்கத்தில் ஓரிடத்தில் எழுதிவிட்டால் மறுவாரம் அது பட்டியலில் இருக்காது.