ரிஃபார்மர் ட்யூப்பைக் காப்பது வினையூக்கிதான்

ஹைட்ரஜன் பிளான்ட்டில் வினையூக்கி எப்படி இருக்கிறது என்று கேட்டால், உடனே வரும் பதில் மெத்தேன் ஸ்லிப் எண்தான். ரிஃபார்மர் என்பது நிக்கல் வினையூக்கி வில்லைகள் நிரப்பிய ட்யூப்களுக்குள் மெத்தேனையும் நீராவியையும் வினைபுரியச் செய்யும் உலை. அதை விட்டு வெளிவரும் வாயுவில் மிச்ச மெத்தேன் வழக்கமான அளவில் இருந்தால், எல்லாம் நலம் என்று லாக் புக்கில் எழுதிவிட்டு ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறோம். நான் பார்த்த ட்யூப் சேதங்களில் பல, இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பியதில் தொடங்கியவை.

மெத்தேனும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும் வினை, வெப்பத்தை விழுங்கும் வினை. ஒரு மோல் மெத்தேனுக்கு 206 கிலோஜூல். பர்னர்கள் கொட்டும் வெப்பத்தை ட்யூப் சுவர் வழியாக இழுத்துக்கொள்வது இந்த வினைதான். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடி கருகாது அல்லவா, அதே கணக்கு. ட்யூப்பின் ஓரிடத்தில் நிக்கல் செயலிழந்தால் அங்கே வெப்பத்தை உறிஞ்ச ஆளில்லை. சுவர் சூடேறத் தொடங்கும். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் நல்ல வினையூக்கி விட்டதை ஈடுகட்டிவிடும். வெளிவரும் மெத்தேன் அளவு அசையாது. கண்ட்ரோல் ரூம் திரையில் எதுவும் தெரியாது.

இந்த ட்யூப்கள் ஏறத்தாழ 25 சதவீதம் குரோமியமும் 35 சதவீதம் நிக்கலும் கலந்த வார்ப்பு எஃகால் ஆனவை. 1,00,000 மணி நேரம், அதாவது பதினோரு ஆண்டுக்குச் சற்று மேல், உழைக்கும்படி வடிவமைக்கப்படுபவை. வடிவமைப்பு வெப்பநிலையைவிட 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவே தொடர்ந்து ஓடினால் அந்த ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு.

அதனால்தான் பீப் ஹோல், அதாவது உலைச் சுவரில் உள்ள பார்வைத் துளை, வழியாகக் கண்ணால் பார்ப்பதை நான் விடாமல் வலியுறுத்துகிறேன். உலைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். முகக் கவசமும் நிறக் கண்ணாடியும் போட்டு, துளைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று திறங்கள். நலமான ட்யூப் மேலிருந்து கீழாக நிறம் படிப்படியாக மாறிக்கொண்டு போகும். மேலிருந்து மூன்று, நான்கு மீட்டரில் ஒரு பளிச்சென்ற பட்டை தெரிந்தால் அதுதான் ஹாட் பேண்ட். அந்த இடத்தில் கரி படிந்திருக்கலாம், அல்லது கந்தகம் மேல்பகுதியைச் செயலிழக்கச் செய்ததால் வினை நடக்காத வாயு சூடேறிக்கொண்டே கீழே வந்து அங்கே கரியாகச் சிதைந்துகொண்டிருக்கலாம். கரி படிந்தால் சுவர் இன்னும் சூடாகும். சூடானால் கரி இன்னும் படியும். பட்டையாக இல்லாமல் திட்டுத்திட்டாக ஒளிர்ந்தால், வினையூக்கி நிரப்பும்போதே உள்ளே வெற்றிடம் விழுந்திருக்கும் சாத்தியம் அதிகம். ஒரு ட்யூப் மட்டும் முழுநீளமும் வெளுத்துத் தெரிந்தால் அதற்குள் வாயு ஓட்டமே குறைந்திருக்கிறது. தொடாமலே வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டர் காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உலைச் சுவரின் பிரதிபலிப்பால் அது கூட்டிக் காட்டும் என்பதால் திருத்திப் படிக்க வேண்டும்.

நிரப்பும் வேலையில் காட்டும் அவசரத்துக்குப் பல ஆண்டுகள் விலை கொடுக்க நேரிடும். ஒவ்வொரு ட்யூப்பிலும் அழுத்த இழப்பை அளந்து, சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலகிய ட்யூப்பை காலிசெய்து மறுபடி நிரப்பச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

நிக்கல் சதவீதம் கூடினால் வினையூக்கி உயர்ந்தது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. வினை அத்தனை வேகமாக நடப்பதால் வில்லையின் மேல்தோல் மட்டுமே வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் நிக்கலில் பெரும்பங்குக்கு வேலையே இல்லை. வில்லைகளில் நான்கு துளை, ஏழு துளை என்று போடுவது அந்த வெளிப்பரப்பைக் கூட்டத்தான். வாங்கும்போது வடிவத்தையும், நொறுங்காத வலிமையையும், மேல்பகுதிக்குக் கரியைத் தடுக்கும் பொட்டாஷ் சேர்த்த ரகம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

கந்தகத்தைப் பற்றி ஒன்று. ரிஃபார்மருக்குள் போகும் முன் மெத்தேனிலிருந்து கந்தகத்தை நீக்க வைத்திருக்கும் துத்தநாக ஆக்சைடு பிடிப்பது முக்கியமாக ஹைட்ரஜன் சல்ஃபைடைத்தான். மற்ற கந்தகச் சேர்மங்களை அப்படி மாற்றித் தருவது அதற்கு முன்னால் இருக்கும் கோபால்ட்-மாலிப்டினம் படுகை. அதற்கு 350 டிகிரிக்கு மேல் சூடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் வேண்டும். மறுசுழற்சி ஹைட்ரஜன் நின்றுபோனால், துத்தநாகப் படுகை புத்தம் புதிதாக இருந்தாலும் கந்தகம் தாண்டிவிடும். 0.1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) அளவே நிக்கலுக்கு எல்லை.

பிளான்ட்டை நிறுத்தும் நேரம்தான் எனக்கு எப்போதும் கவலை. மெத்தேனை வெட்டிய பிறகும் நீராவி ஓட வேண்டும். நீராவி நின்றால் மெத்தேன் அந்தக் கணமே ட்ரிப் ஆகி, தானாகவே நின்றுவிட வேண்டும். நீராவி தண்ணீராகி வில்லைகளை நனைக்கும் முன்பு நைட்ரஜனுக்கு மாறிவிட வேண்டும். 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்முன் கார்பன் மோனாக்சைடு முழுக்க வெளியேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது நிக்கலோடு சேர்ந்து நிக்கல் கார்பனைல் ஆகும். 1890இல் லுட்விக் மாண்டும் அவர் கூட்டாளிகளும் கண்டறிந்த இந்தச் சேர்மம், நிக்கலைத் தூய்மைப்படுத்த இன்றும் பயன்படுகிறது. 43 டிகிரியில் கொதித்து ஆவியாகும், கொடிய நஞ்சு. அமெரிக்கப் பணியிட விதி அனுமதிக்கும் அளவு 0.001 பி.பி.எம். மட்டுமே.

பழைய வினையூக்கியை இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆக்சைடாக மாற்றப்படாத நிக்கல் காற்று பட்டதும் தானே சூடாகிக் கனலும். நிக்கல் ஆக்சைடுத் தூசியோ புற்றுநோய் உண்டாக்குவது; துணியை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது, சுவாசக் கருவி வேண்டும். கார்பனைல் பட்டவருக்கு முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்து சற்று நேரத்தில் தணிந்துவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவார். அரை நாள் முதல் ஒன்றரை நாள் கழித்து மூச்சுத் திணறல் கடுமையாகத் தாக்கும். ஆகவே தலைவலி என்று சொன்னவரை அன்றே மருத்துவமனையில் சேர்த்து, நிக்கல் கார்பனைல் பட்டிருக்கலாம் என்று மருத்துவரிடம் பெயர் சொல்லித் தெரிவித்து, சிறுநீரில் நிக்கல் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.