குழந்தைக்குக் கண் பெரிதாக இருந்தால்

"கண்ணு ரெண்டும் எவ்ளோ பெரிசா இருக்கு, கண்ணேறு பட்டுரும், மை வைங்க." கைக்குழந்தையைப் பார்த்தால் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் யாராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது அழகுதான். ஆனால் அந்தக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்து, வெளிச்சம் பட்டதும் குழந்தை கண்ணை இறுக்கி மூடி அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவி கிளாக்கோமாவாக, அதாவது பிறவியிலேயே வரும் கண் பிரஷராக இருக்கலாம்.

கண் பிரஷர் வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு அதன் வடிகால் சரியாக உருவாகாததால் நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. குழந்தையின் கண் இளசு என்பதால் அழுத்தத்துக்கு விரிந்து கொடுத்துவிடும். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லிமீட்டர் அகலம். ஒரு வயதுக்குள் அது 12-ஐத் தாண்டினால் சந்தேகப்படுவோம். கருவிழி மங்கி நீலம் பாய்ந்ததுபோல் தெரிந்தால் இன்னும் அவசரம்.

கண்ணீர்ப்பை அடைப்பிலும் நீர் வடியும், பீளை கட்டும். ஆனால் அந்தக் குழந்தை வெளிச்சத்துக்குக் கூசாது, கருவிழி தெளிவாக இருக்கும். வீட்டில் இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தாய்ப்பாலைக் கண்ணில் விட்டுக்கொண்டு வாரங்களைக் கடத்துகிறார்கள். தாய்ப்பால் குழந்தை குடிப்பதற்கு, கண்ணில் விட வேண்டாம்.

பிறவி கிளாக்கோமாவுக்குச் சிகிச்சை அறுவை சிகிச்சைதான். அடைபட்ட வடிகாலைத் திறந்துவிடுவோம். சொட்டு மருந்து அதுவரை அழுத்தத்தைப் பிடித்துவைக்கவும், பிறகு துணைக்கும்தான். தாத்தாவின் கண் பிரஷர் மருந்தை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். அதில் பிரிமோனிடின் இருந்தால் கைக்குழந்தைக்கு மூச்சே அடங்கிவிடக்கூடும்.

"பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல மொட்டை போட்டுட்டு வந்துருதோம் டாக்டர்" என்பார்கள். மயக்க மருந்து பற்றிய பயம்தான் காரணம், புரிகிறது. ஆனால் சாஸ்தா காத்திருப்பார், அழுத்தத்தில் நசுங்கும் பார்வை நரம்பு காத்திருக்காது. சில குழந்தைகளுக்கு இரண்டாவது அறுவையும் தேவைப்படும். அப்புறம் கண்ணாடி, பார்வை குறைந்த கண்ணுக்குப் பயிற்சி, ஆயுள் முழுக்கப் பரிசோதனை என்று நீளும்.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லியே?" இருக்காதுதான். பல குழந்தைகளுக்கு சி.ஒய்.பி.1.பி.1 என்ற மரபணுவின் பழுதுதான் காரணம். பழுதான பிரதி ஒன்றே இருந்தால் நோய் வராது. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஆளுக்கொன்று வந்து சேர்ந்தால்தான் வரும். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மேலை நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் இந்த நோய், ஆந்திராவில் 3,300-க்கு ஒருவர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் வருவதுண்டு. கிரகணத்தில் வெளியே போனாள் என்று மருமகளைக் குறை சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை.

பெற்றோர் இருவரிடமும் இந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போட முடியாது. அதனால் அடுத்த குழந்தை பிறந்தால், கண் பளிச்சென்று இருந்தாலும் சரி, முதல் வாரத்திலேயே கொண்டுவாருங்கள். கருவிழியை அளந்து பார்த்துவிடலாம்.