பிள்ளைக்கு மனநல மருந்து: மானியம், மெடிசேவ், மருந்துச்சீட்டு

சிங்கப்பூரில் பிள்ளைக்கு மனநலச் சிகிச்சை தேவை என்று தெரிந்ததும் பெற்றோர் முதலில் நல்ல மருத்துவர் யார் என்று விசாரிக்கிறார்கள். செலவு பற்றிய கவலை இருந்தால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது பரிந்துரைக் கடிதம். அரசாங்க மருத்துவமனையில் உங்கள் பிள்ளை மானிய நோயாளியா (செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும்), தனியார் நோயாளியா (முழுக் கட்டணம்) என்பதை அந்த ஒரு தாள்தான் முடிவு செய்கிறது.

மானியத்துக்கு வழக்கமான வழி பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), அல்லது சாஸ் எனும் அரசாங்க மருத்துவக் கட்டண உதவித் திட்டத்தில் சேர்ந்த அக்கம்பக்கத்து மருந்தகம் (கிளினிக்). அங்கே கடிதம் வாங்கி மனநலக் கழகத்தின் சிறார் ஆலோசனை மருந்தகத்துக்கோ (6 முதல் 18 வயது வரை), கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போகலாம். மானிய நோயாளி மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. “இந்த டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்” என்று பெயர் சொல்லி நேரம் வாங்கினால் தனியார் நோயாளியாகப் பதிந்துவிடுவார்கள். பிறகு மானியத்துக்கு மாற வேண்டுமென்றால் மருத்துவச் சமூக ஊழியர் குடும்ப நிலையை மதிப்பிட வேண்டும். அது உடனே நடக்கிற காரியமல்ல.

இன்னொரு வாசல் பள்ளிக்கூடம். 2007இல் தொடங்கிய ‘ரீச்’ சமூக மனநலக் குழுவில் மருத்துவர், உளவியலாளர், தாதி, சமூக ஊழியர் எல்லாரும் இருக்கிறார்கள். பெற்றோர் சம்மதித்தால் பள்ளி ஆலோசகரே இவர்களை அழைப்பார். பள்ளிக்குப் போகவே மறுக்கும் பிள்ளை, மருத்துவமனை என்றாலே அழும் பிள்ளை ஆகியோருக்கு இந்த வழியையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வோம். 16 வயது நிரம்பிய இளையர் தாமாகவே ‘சாட்’ எனும் இளையர் மனநல மதிப்பீட்டுச் சேவையை நாடலாம். 30 வயது வரைக்குமான அந்த மதிப்பீடு இலவசம்.

மானியம் எவ்வளவு என்பது குடும்பத்தில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதைப் பொறுத்தது. அடையாள அட்டையில் ஒரே முகவரி உள்ள குடும்பத்தினரின் மொத்த மாத வருமானத்தை ஆள்கணக்கால் வகுப்பார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. மொத்த வருமானம் 7,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் தலைக்கு 1,500. பாட்டியின் முகவரி இன்னும் சித்தப்பா வீட்டிலேயே இருந்தால் அதே குடும்பத்துக்கு 1,875 ஆகிவிடும். வருமானமே இல்லாத வீடுகளுக்கு வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் தவறு நடப்பது சம்மதத்தில்தான். வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் தம் வருமானத்தைச் சரிபார்க்க ஒப்புதல் தராமல் விட்டாலும் கணக்கீடு முடியாது. பிள்ளைக்குக் குறைந்த மானியமே கிடைக்கும். சாஸ் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே வீட்டில் எல்லாருடைய ஒப்புதலையும் முடித்துவிட்டால் மருத்துவமனைக்கும் அதுவே போதும். குடிமக்களுக்கு நிபுணர் கட்டணத்தில் 70 விழுக்காடு வரை கழியும். நிரந்தரவாசிகளுக்குக் குறைவு. சார்ந்திருப்போர் அட்டையில் (வெளிநாட்டு ஊழியரின் குடும்பத்துக்குத் தரும் அனுமதி) இருக்கும் பிள்ளைக்கு மானியமும் இல்லை, மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கும் இல்லை; அந்தப் பெற்றோர் தங்கள் நிறுவனக் காப்புறுதி மனநலத்துக்குப் பணம் தருமா என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மருந்து விலை தனிக் கணக்கு. நிலையான மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்குக் குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 50 அல்லது 75 விழுக்காடு மானியம் உண்டு. விலை கூடிய சிலவற்றுக்கு மருந்து உதவி நிதி இருக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்துக்கு முழு விலை. ஆகவே மருத்துவர் எழுதும்போதே, “இது மானியப் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் அதே வேலையைச் செய்யும் வேறு மருந்து பட்டியலில் உண்டா?” என்று கேட்டுவிடுங்கள். மருந்து கொடுக்கும் சன்னலில் நின்று கேட்டால் காலம் கடந்துவிட்டது.

மெடிசேவில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. வெளிநோயாளிச் செலவுக்கு மெடிசேவ் எடுக்க விடும் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் உள்ள மனநோய்களில் கடும் மனச்சோர்வு, மனப்பதற்றக் கோளாறு, இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு ஆகிய நான்கும் அடங்கும். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) அதில் இல்லை. ஆட்டிசமும் இல்லை. சிறுவயதில் அதிகம் மருந்து தேவைப்படும் ஏடிஎச்டிக்கே வெளிநோயாளி மெடிசேவ் கிடைக்காமல் இருப்பது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் இன்றைய விதி அதுதான். மனச்சோர்வு அல்லது பதற்றம் என்று நோய் உறுதியானால் 2021 முதல் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை எடுக்கலாம். பட்டியலில் உள்ள நோய்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் 700. மானியம் போக 100 வெள்ளி மிச்சம் என்றால் 15 வெள்ளி ரொக்கம், 85 வெள்ளி மெடிசேவ். பெற்றோர் கணக்கைப் பயன்படுத்தலாம். பிள்ளையின் கணக்கையும் பயன்படுத்தலாம். 2015 முதல் பிறந்த குடியுரிமைக் குழந்தைகளுக்கு அரசாங்கம் 4,000 வெள்ளி போட்டிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் பிறந்தவர்களுக்கு 5,000. அந்தப் பணம் இருப்பதையே மறந்துபோன வீடுகள் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் கட்ட முடியவில்லையா? மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க நேரம் கேளுங்கள். 18 வயதுக்குட்பட்ட குடிமக்களுக்கு மெடிஃபண்ட் ஜூனியர் எனும் உதவி நிதி இருக்கிறது. தயவுசெய்து மருந்தைப் பாதியாகக் குறைத்துச் சமாளிக்காதீர்கள்.

மருந்தைப் பற்றியும் சில விஷயங்கள். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் (ரிட்டலின், கான்செர்ட்டா என்ற பெயர்களில் வருவது) சிங்கப்பூரில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஜோகூரிலோ சென்னையிலோ வாங்கிப் பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மருத்துவரின் கடிதம், மருந்தின் அசல் உறை இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். போகும் நாட்டின் விதியையும் பாருங்கள். ரிட்டலின் சாதா மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும், ரிட்டலின் எல்ஏ சுமார் 8, கான்செர்ட்டா சுமார் 12. எல்ஏ குளிகையைத் திறந்து உள்ளே உள்ள மணிகளைக் குளிர்ந்த ஆப்பிள் கூழில் தூவிக் கொடுக்கலாம், ஆனால் மென்று விழுங்கக் கூடாது. கான்செர்ட்டாவை உடைக்கவே கூடாது. உடைத்தால் நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். காலையில் கொடுக்க மறந்து மத்தியானம் கொடுத்தால் இரவு தூக்கம் போகும். பசி குறையும் என்பதால் மருந்துக்கு முன் வயிறு நிறைய இட்லியோ தோசையோ கொடுத்துவிடுங்கள். விட்ட சாப்பாட்டை மாலையில் மருந்தின் வேகம் தணிந்தபின் ஈடுகட்டலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

ஃபுளூவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். இளையரிடம் இவை தற்கொலை எண்ணத்தைச் சற்றுக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது; அதன் ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் 100க்கு 4 பேரிடமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேரிடமும் அப்படிப்பட்ட எண்ணமோ செயலோ காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் யாரும் உயிரிழக்கவில்லை. எனவே முதல் சில வாரங்களும், அளவு மாறும் நாட்களும் கண்காணிக்க வேண்டியவை: காரணமில்லாத எரிச்சல், நிலைகொள்ளாமை, தூங்காமல் நடப்பது. இவற்றைக் கண்டால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருந்தகத்தை அழையுங்கள். நீங்களாக மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டை பெரியவர் கையில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

ஆபத்து என்று தோன்றினால் மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222, தேசிய மனநல உதவி எண் 1771, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767, உயிருக்கு ஆபத்தென்றால் 995. போலீஸ் வழக்காகிவிடுமோ என்று தயங்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றமல்ல. பிள்ளை மாத்திரையை விழுங்கியிருந்தால் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை குறைந்திருக்கிறது என்பதைத்தான் அவசரப் பிரிவில் முதலில் கேட்பார்கள்.