சாமியே சொன்னாலும் திருடலாமா?

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். சாமி பயம் விட்டுப்போனால் மனுஷன் எதற்கும் துணிந்துவிடுவான் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய எண்ணம் அல்ல. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியா உட்பட 13 நாடுகளில், ஈவிரக்கமில்லாமல் கொலை செய்த ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று கேட்டார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவனாக இருப்பான் என்ற பக்கமே பலருடைய மனம் சாய்ந்தது. கேட்கப்பட்ட நாத்திகர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது!

வேலூர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று உயிர் நீத்தது நம் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். வைத்தியம் கிடைக்காமல் சாகும் பெண்களுக்காக, தன் தேவன் இட்ட வேலை என்று நம்பி, அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய மருத்துவமனை அது. தீண்டாமை அநியாயம் என்று சொல்லப் பெரியாருக்கு எந்த வேதமும் தேவைப்படவில்லை. ஐடாவை நடத்தியது பைபிள். இருவரில் யாருக்கு அறவுணர்வு இல்லை என்று சொல்ல முடியும்?

அந்த உணர்வு மனதுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க, அமெரிக்க உளவியலாளர்கள் லாரி நூச்சியும் எலியட் டூரியலும் ஓர் அருமையான கேள்வியைக் கண்டுபிடித்தார்கள். ஊறிய மதப்பற்று உள்ள குடும்பங்களின் பிள்ளைகளிடமே போனார்கள்: ஒருபக்கம் ஆமிஷ், மென்னோனைட் கிறிஸ்தவர்கள்; இன்னொருபக்கம் ஆசாரமான யூதர்கள். ஓய்வுநாளில் வேலை செய்வது தப்பா? தப்பு. தலையை மூடாமல் இருப்பது? தப்பு. திருடுவது, அடிப்பது? தப்பு. சரி, இதைப் பற்றிக் கடவுள் ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால்?

பதில்கள் இங்கேதான் இரண்டாகப் பிரிந்தன. கடவுள் சொல்லவில்லையென்றால் ஓய்வுநாளில் வேலை செய்துகொள்ளலாம், தலையைத் திறந்துகொண்டு போகலாம் என்றார்கள் பிள்ளைகள். திருட்டுக்கும் அடிதடிக்கும் மட்டும் பெரும்பாலானோர் விட்டுக்கொடுக்கவில்லை. கடவுள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது தப்புதான். ஏன்? அடி வாங்கினவனுக்கு வலிக்கும், பறிகொடுத்தவன் அழுவான். 1993இல் வெளிவந்த இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கடவுள் மேல் பக்தி குறைவில்லை. ஆனாலும் திருட்டு ஏன் தப்பு என்பதற்கான காரணத்தை அவர்கள் எதிரில் நிற்பவன் முகத்தில் படித்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளிடமே இந்தப் பிரிவினையின் தொடக்கம் தெரிகிறது. அதற்கும் முன்னால், கைக்குழந்தைகளே உதவி செய்யும் பொம்மையை விரும்புகின்றன என்று 2007இல் ஓர் ஆய்வு பெரிய பேர் வாங்கியது. பின்னர் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்து பார்த்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. ஆகவே பிறவியிலேயே வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இத்தோடு கதை முடிந்தது என்று மேல்நாட்டார் நினைத்திருந்தால், அவர்களுக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு முட்டுக்கட்டை வந்தது. சிகாகோ பல்கலைக்கழக மானிடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வெடரும் அவருடைய கூட்டாளிகளும் ஒடிசாவின் புவனேஸ்வரத்தில், கோயிலைச் சுற்றி வாழும் குடும்பங்களிடம் பல சம்பவங்களைச் சொல்லி, எது பெரிய தப்பு என்று கேட்டார்கள். அப்பா இறந்த மறுநாளே மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி தின்றான் என்பது அங்கே மிகக் கொடிய குற்றங்களின் வரிசையில் வந்தது. சிகாகோக்காரருக்கு இதில் யாருக்கு என்ன கேடு என்றே புரியாது. நமக்குப் புரியும். செத்துப்போன அப்பாவை, அவருடைய ஆன்மாவை, அது அவமதிக்கிறது. தீங்கு என்றால் என்ன, யாருக்கெல்லாம் தீங்கு நேரலாம் என்று பட்டியல் போடுவது இங்கே மதமும் குலவழக்கமும்தான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர்க் கோட்டையே சாட்சி. சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக் 1805 நவம்பரில் சிப்பாய்களின் உடைக்கு ஒரு புது ஒழுங்கு போட்டார். நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகை, அதில் தோலால் ஆன சின்னம். வெள்ளை அதிகாரிகளுக்கு அது வெறும் சீருடை விவகாரம். சிப்பாய்களுக்கு அது தங்கள் உடம்பின் மேலும் கடவுளின் மேலும் விழுந்த கை. மறுத்தவர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள், கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. திப்புவின் பிள்ளைகள் உள்ளே சிறைவைக்கப்பட்டிருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தத் தோல் சின்னத்தை அற்பம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு அறவுணர்வின் பாதி விளங்கவில்லை என்பேன்.

அப்படியானால் நடத்தையில் மதம் என்ன செய்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேருக்குக் கைப்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பி, கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லது கெட்டது ஏதாவது செய்தீர்களா என்று கேட்ட ஆய்வு 2014இல் வெளியானது. பக்தருக்கும் அல்லாதவருக்கும் செய்த நல்லது கெட்டதில் வேறுபாடு தெரியவில்லை. தப்புச் செய்தபின் பக்தர்களுக்குக் குற்றவுணர்ச்சி கூடுதலாக இருந்தது.

ஆனால் மதம் சும்மாவும் இல்லை. மொராக்கோவின் மராகேஷ் நகரக் கடைவீதியில் நடந்த ஓர் ஆய்வில், பள்ளிவாசலிலிருந்து பாங்கு சொல்லும் சத்தம் காதில் விழும் நேரத்தில் கடைக்காரர்கள் தருமத்துக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். மற்ற நேரங்களில் அந்த அளவுக்கு இல்லை. நம் லாங் பஜாரில் யாராவது இதைச் செய்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

இதைவிட நுட்பமானது ஒரு பகடை ஆட்டம். முன்னால் இரண்டு கிண்ணம், 30 நாணயம், இரு நிறம் பூசிய ஒரு பகடை. மனதுக்குள் ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொண்டு பகடையை உருட்ட வேண்டும். ஒரு நிறம் விழுந்தால் நினைத்த கிண்ணத்தில் நாணயம் போட வேண்டும், மற்றது விழுந்தால் அடுத்ததில். ஒரு கிண்ணம் உங்களுக்கோ உங்கள் ஊர்க்காரருக்கோ, மற்றது எங்கோ தூரத்தில் இருக்கும், முகம் தெரியாத உங்கள் மதத்தவருக்கு. நீங்கள் எதை நினைத்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஏமாற்றினால் பிடிக்க வழியே இல்லை. நேர்மையாக ஆடினால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 15 விழும். ஃபிஜி, மொரீஷியஸ், தான்சானியா என்று எட்டுச் சமூகங்களில் 591 பேர் ஆடினார்கள். எல்லாம் அறிந்த, தண்டிக்கிற கடவுளை நம்புகிறவர்கள் தூரத்து ஆளுக்குக் கூடுதலாகப் போட்டார்கள். அறவுணர்வை மதம் உண்டாக்குவதில்லை, அது எட்டும் தூரத்தை நீட்டுகிறது என்று இதை நான் படிக்கிறேன்.

தூரத்து ஆள் சரி, அவன் வேறு மதத்தவனாக இருந்தால்? பாலஸ்தீன முஸ்லிம் இளவயதினர் 555 பேரிடம் கேட்டார்கள்: ஒரு பாலஸ்தீனரின் உயிரைக் கொடுத்தால் ஐந்து குழந்தைகள் பிழைப்பார்கள் என்றால் கொடுக்கலாமா? குழந்தைகள் முஸ்லிம்களாக இருந்தபோது ஒரு பதில், யூதர்களாக இருந்தபோது வேறு பதில். அடுத்து, அல்லாஹ் எதை விரும்புவான் என்று கேட்டார்கள். அந்த வேறுபாடு மறையவில்லை, ஆனால் கணிசமாகக் குறைந்தது. 2016இல் வந்த ஆய்வு இது. பழைய வட ஆற்காட்டுப் பள்ளிகளில், ஆம்பூரிலும் குடியாத்தத்திலும், முஸ்லிம், இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியை, சாதியையும் சேர்த்து, யாராவது முறையாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.