நாற்பது வயதுக்கு மேல் கூட்டாக வரும் நோய்கள்

இரண்டு மூன்று நாள்பட்ட நோய்கள் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது முதுமையில் நடக்கும் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்ப மருத்துவராக நான் அன்றாடம் பார்ப்பது வேறு. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளின் படிப்பையும் பெற்றோரின் வைத்தியத்தையும் ஒருசேரத் தாங்குகிறவர்கள்தான் இப்படி வருகிறார்கள். ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, 2012-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. சதவீதக் கணக்கில் முதியவர்களே முன்னால் நின்றாலும், மொத்த எண்ணிக்கையில் 65 வயதுக்கு உட்பட்டவர்களே அதிகம். வறுமை மிகுந்த பகுதிகளில் இந்த நிலை 10 முதல் 15 ஆண்டுகள் முன்கூட்டியே வந்துவிடுகிறது என்றும் அது கண்டது. உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய வயதிலேயே இது நேர்வதுதான் கொடுமை.

இந்த நோய்கள் கண்டபடி சேர்வதில்லை. அவற்றுக்கென்று கூட்டணிகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், கல்லீரலில் கொழுப்பு ஆகியவை ஒரு கூட்டணி. இதை எல்லோரும் அறிவோம். ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை, தோல் அரிப்பு ஆகியவை இன்னொன்று. இதுவும் எளிதில் பிடிபட்டுவிடும்.

கவனத்திலிருந்து நழுவுவது மூன்றாவது கூட்டணி: தீராத முதுகுவலி அல்லது மூட்டுவலி, கெட்டுப்போன தூக்கம், மனச்சோர்வு. இது பெண்களிடம் அதிகம். வலிக்கு மாத்திரை கேட்டு வருவார்கள்; தூக்கத்தைப் பற்றி நாம் கேட்டால்தான் சொல்வார்கள்; மனதைப் பற்றிக் கேட்டாலும் உடனே சொல்லமாட்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு காணப்படுகிறது. மனம் சோர்ந்தவர் நடைப்பயிற்சிக்குப் போகமாட்டார், மாத்திரையை விட்டுவிடுவார், சர்க்கரை ஏறும். அப்போது பலரும் செய்வது மருந்தின் அளவைக் கூட்டுவதுதான். மாதக்கணக்கில் ஏறியே இருக்கும் சர்க்கரைக்குப் பின்னால் அழுகை இருக்கிறதா என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவையும் இங்கேயே நினைவில் வைக்க வேண்டும். சோர்வு, மந்தமான மனநிலை, ஏறிய கொழுப்பு மூன்றுமே அதனாலும் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கூட்டணியை நோய்கள் மட்டும் அமைப்பதில்லை, மருந்துகளும் அமைக்கின்றன. அடிக்கடி காணும் ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். ஐம்பதை நெருங்கும் ஒருவருக்கு ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தரப்படுகிறது. சில வாரங்களில் கணுக்கால் வீங்குகிறது. அது அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. ஆனால் வேறிடத்தில் காட்டும்போது, வீக்கம் வடிய, சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை எழுதப்படுகிறது. அந்த வகை மாத்திரைகளில் பல யூரிக் அமிலத்தை உயர்த்தும். அது மூட்டில் படிந்து, ஒருநாள் இரவு கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கிறது. மருந்துக்கடையில் தானாகவே கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார். வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. கடைசியில், 'பிரஷர் கட்டுப்படவில்லை' என்று இன்னொரு மாத்திரை சேர்கிறது. முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் போதும். ஒவ்வொரு மருத்துவரும் தன் முன்னால் இருந்த பிரச்சினைக்குச் சரியாகத்தான் மருந்து எழுதினார். முழுச் சங்கிலியையும் பார்க்க ஆள் இல்லை.

ஆகவே என் நோயாளிகளிடம் நான் வற்புறுத்துவது இதுதான். எத்தனை சிறப்பு மருத்துவர்களைப் பார்த்தாலும், எல்லாச் சீட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மருத்துவர் உங்களுக்கு இருக்கட்டும். அவரிடம் போகும்போது மருந்துச் சீட்டு போதாது. வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும், சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, எப்போதோ வாங்கிய வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். புதிதாக ஒரு தொந்தரவு தொடங்கினால், அதற்கு முந்தைய சில வாரங்களில் எந்த மருந்து சேர்ந்தது, எது நின்றது என்று தேதியோடு சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சிலவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாதம் மரத்துப்போனால் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். அந்த மருந்து வைட்டமின் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அந்தக் குறைவும் அதே மரத்துப்போதலைத் தரும், அதைச் சரிசெய்யவும் முடியும். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.