குறைமாதக் குழந்தை ஊட்ட வல்லுநர்: சொல் விளக்கம்

பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ‘நியோனேட்டல் நியூட்ரிஷனிஸ்ட்’ என்று அழைக்கப்படுபவரைத் தமிழில் ‘குழந்தைகள் உணவு நிபுணர்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்ன சாப்பிடலாம் என்று வழிகாட்டுபவருக்கும் அதே பெயர்தான். 900 கிராம் எடையில் பிறந்து, இன்னும் வாயால் பால் குடிக்கத் தெரியாத ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லிலிட்டர் பால், எத்தனை கிராம் புரதம் என்று கணக்கிடுபவருக்கும் அதே பெயர்தான். இவ்விரண்டாம் பணிக்கு அதற்கே உரிய பெயர் வேண்டும் என்பதால், அதன் உறுப்புச் சொற்களைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் ‘பிரிமெச்சூர்’. இலத்தீனில் ‘பிரே’ என்றால் முன், ‘மத்தூருஸ்’ என்றால் பழுத்தது அல்லது உரிய காலம் வந்தது. இரண்டும் சேர்ந்து, காலத்துக்கு முன்பே பழுத்ததைக் குறித்தன. முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இந்தச் சொல்லின் மூலப்பொருள் பொருந்தவில்லை. அதன் நுரையீரலும் குடலும் தோலும் இன்னும் முதிரவே இல்லை. மருத்துவர்கள் பின்னர் ‘பிரீடெர்ம்’ என்ற சொல்லை விரும்பி ஏற்றனர். ‘டெர்ம்’ என்பது எல்லை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கே அந்த எல்லை கருக்காலத்தின் 37 வாரங்கள். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம், 32 வாரங்களுக்கு முன் பிறந்தால் மிகக் குறைமாதம், 28 வாரங்களுக்கும் முன் என்றால் அதிதீவிரக் குறைமாதம்.

இந்தக் கணக்கு எப்போதும் வாரத்தில் இருந்ததில்லை. 2500 கிராமும் அதற்குக் குறைவுமாக எடையுள்ள குழந்தைகள் எல்லாரையும் நெடுநாள் ‘பிரிமெச்சூர்’ என்ற ஒரே பெயரில் அழைத்தார்கள். 1961இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, எடை குறைந்த எல்லாக் குழந்தைகளும் காலத்துக்கு முன் பிறந்தவர்கள் அல்லர் என்று கண்டு, எடையைக் கொண்டு மட்டும் அளப்பதற்கு ‘குறைந்த பிறப்பெடை’ என்ற தனிப்பெயரைப் பரிந்துரைத்தது. ஊட்டம் தருபவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். முழு மாதத்தில் 2000 கிராமுடன் பிறந்த குழந்தையும் 32 வாரத்தில் 2000 கிராமுடன் பிறந்த குழந்தையும் தராசில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், முன்னது உறிஞ்சிக் குடிக்கும், பின்னது பெரும்பாலும் குடிக்காது.

தமிழில் வழங்கும் ‘குறைமாதக் குழந்தை’ என்ற சொல் இந்தத் தெளிவைத் தானாகவே கொண்டிருக்கிறது. குறைவை அது மாதத்தின் மீது வைக்கிறது, குழந்தையின் மீது வைக்கவில்லை. அதனால்தான் சிலர் எழுதும் ‘வளர்ச்சி குன்றிய குழந்தை’ என்பதை இதற்கு மாற்றாக ஏற்க முடியாது. 30 வாரத்தில் பிறந்த குழந்தை 30 வாரத்துக்குரிய வளர்ச்சியைச் சரியாகப் பெற்றிருக்கலாம். அதைக் குன்றியது என்று சொன்னால் பெற்றோரின் மனம் காரணமின்றி நோகும்.

அடுத்தது ‘ஊட்டம்’. ‘நியூட்ரிஷன்’ என்பதன் வேரான இலத்தீன் வினைக்குப் பாலூட்டி வளர்த்தல் என்பது பொருள். செவிலியரைக் குறிக்கும் ‘நர்ஸ்’ என்ற சொல்லும் அந்த வேரைச் சேர்ந்ததே. தமிழில் காண் என்பதிலிருந்து காட்டு வருவதுபோல உண் என்பதிலிருந்து ஊட்டு என்ற பிறவினை வருகிறது. தானே உண்ண இயலாதவருக்கு இன்னொருவர் கொடுப்பதே ஊட்டுதல். இந்தக் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காக இணைக்கும் திறன், கருக்காலத்திலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 34 வாரங்களில்தான் கைகூடுகிறது. அதுவரை மூக்கு அல்லது வாய் வழியாக இரைப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் மறுமுனையில் உள்தண்டு எடுத்த ஊசிக்குழலைப் பொருத்தி, குழந்தைக்குச் சற்று மேலே செவிலியர் கையில் பிடித்திருப்பார். ஒன்றிரண்டு மில்லிலிட்டர் பால், அழுத்தம் ஏதுமின்றித் தன் எடையாலேயே மெதுவாக இறங்கும்.

குடல் இன்னும் அணியமாகாத நாட்களில் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு ஆகியவற்றை இரத்தக் குழாய் வழியாகவே தருவார்கள். இதற்கான ‘பேரென்ட்டரல்’ என்ற சொல்லைப் பெற்றோரைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கிரேக்கத்தில் ‘என்டெரோன்’ என்றால் குடல். குடலுக்குப் புறம்பாக என்பதே இச்சொல்லின் பொருள். தமிழில் ‘சிரைவழி ஊட்டம்’ என்பது தெளிவாக இருக்கிறது. பாலில் கலக்கும் சத்துத்தூளுக்கு ‘செறிவூட்டி’ என்பது பொருந்தும். சீம்பாலும் தாய்ப்பாலும் குடல் அழற்சியுற்று அழுகும் கொடிய நோயிலிருந்து இக்குழந்தைகளைப் பெரிதும் காக்கின்றன. ஆயினும் மிகச் சிறிய குழந்தைக்குத் தேவையான புரதம், சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் ஆகியவற்றுக்குத் தாய்ப்பால் மட்டும் போதுவதில்லை. செறிவூட்டி நிரப்புவது அந்த இடைவெளியைத்தான்.

பெயரில் ‘வளர்ச்சி’ என்ற சொல் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் பணியில் பாதி அதுவே. கருப்பையில் இருந்திருந்தால் எப்படி வளர்ந்திருக்குமோ அந்த வேகத்தை ஒட்டி வளரச் செய்வது பொதுவான இலக்கு; அதாவது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் கூட வேண்டும். எடையோடு நீளத்தையும் தலைச் சுற்றளவையும் வாரந்தோறும் அளந்து வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். எடை மட்டும் ஏறித் தலைச் சுற்றளவு நின்றுவிட்டால், மூளையின் வளர்ச்சியை எண்ணி அவர்கள் கவலைப்படுவார்கள். வீட்டுக்குச் சென்ற பிறகு ‘திருத்திய வயது’ என்ற சொல் பெற்றோர் காதில் விழும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 40 வாரக் கணக்கில் 12 வாரம் முன்னதாக வந்தது. ஆகவே ஆறு மாதம் ஆனபோது அதன் திருத்திய வயது ஏறத்தாழ மூன்று மாதம். இதை அறியாமல் அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்தும் தாய்மார்களுக்கு, இந்த ஒரு சொல்லை விளக்கிச் சொல்வதே பெரிய உதவி.

‘நியோனேட்டாலஜி’ என்ற துறைப்பெயர் 1960இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சாண்டர் ஷாஃபர் உருவாக்கியது. கிரேக்கமும் இலத்தீனும் கலந்த சொல் அது. பெயர் புதியதே தவிர அக்கறை பழையது. பாரிஸில் பியேர் புதின் என்ற மகப்பேறு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இக்குழந்தைகளை எடை பார்த்து, குழாய் வழி பாலூட்டி, தாய்ப்பாலை வலியுறுத்தினார். தமிழில் இத்துறையைப் ‘பச்சிளங்குழந்தை மருத்துவம்’ என்கிறோம். பிறந்த முதல் 28 நாட்களுக்குரிய குழந்தையே பச்சிளங்குழந்தை. குறைமாதக் குழந்தை அந்த 28 நாட்களைத் தாண்டியும் பல வாரங்கள் மருத்துவமனையில் இருக்கக்கூடும் என்பதால், ஊட்டம் தருபவரின் பெயரில் ‘பச்சிளம்’ என்பதைவிடக் ‘குறைமாத’ என்பதே சரியாக அமர்கிறது.

கடைசி உறுப்பை ‘வல்லுநர்’ என்று எழுத வேண்டும். இயக்குநர், ஓட்டுநர் போல இதிலும் தந்நகரமே வரும், ‘வல்லுனர்’ பிழை. எனவே முழுப்பெயர் ‘குறைமாதக் குழந்தை ஊட்ட வல்லுநர்’. வளர்ச்சி அளவீட்டையும் பெயரிலேயே சொல்ல வேண்டிய அலுவல் ஆவணங்களில் ‘குறைமாதக் குழந்தை ஊட்ட, வளர்ச்சி வல்லுநர்’ என்று விரித்து எழுதலாம். பெற்றோரிடம் பேசும்போது ‘ஊட்ட வல்லுநர்’ என்றாலே போதும்.